நாலாம் தூணும் ஆறு முழம் ரிப்பனும்

அந்த நூலகத்துக்குள் முதல் தடவை நுழைகிற யாரும் புத்தகத்தைப் பார்ப்பதில்லை. அண்ணாந்து கூரையைத்தான் பார்ப்பார்கள். ஒன்பது இரும்புத் தூண்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் உச்சியிலும் இரும்பிலேயே வார்த்த இலைகள் நாலு பக்கமும் விரிந்து, ஏதோ கையால் ஏந்துவதுபோல் கூரையை ஏந்திக்கொண்டிருக்கும். கூரை இரண்டு பக்கத்திலிருந்தும் சரிந்து வந்து அந்தத் தூண்களின் தலைக்கு மேல் ஒன்றாகச் சேரும். திறந்துவைத்த புத்தகம் நடுவில் பள்ளமாக இருக்குமே, அதுபோல. கட்டியபோது அது நூலகமாகும் என்று யாருக்குத் தெரியும்? கடவுள் ஒருவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

கட்டியது ரயில் நிலையமாக. டிக்கெட் கொடுத்த ஜன்னலில் இப்போது உறுப்பினர் அட்டை கொடுக்கிறார்கள். நூறு வருஷமாகச் சில்லறையைத் தள்ளித் தள்ளி, அந்த ஜன்னலின் கல் விளிம்பு கிண்ணம்போல் குழிந்துபோயிருக்கிறது. பார்சல் அறையில் செய்தித்தாள்கள். மூட்டை நிறுத்த பெரிய தராசு இருந்த இடத்திலேயே நிற்கிறது. பிள்ளைகள் ஏறி நின்று எடை பார்ப்பார்கள். எல்லோருக்கும் நாலு கிலோ கூட்டித்தான் காட்டும். ரயில் ஓடிய காலத்திலும் அதற்கு அந்தக் குணம்தான். நடைமேடையின் திறந்த பக்கத்தைக் கண்ணாடியால் மூடி, தண்டவாளம் கிடந்த பள்ளத்தில் மண் கொட்டிச் செடி வைத்திருக்கிறார்கள். மேடையின் தரை மட்டும் இன்றைக்கும் வெளிப்பக்கமாகக் கொஞ்சம் சரிவுதான். பென்சில் விழுந்தால் உருண்டு கண்ணாடியில் போய்த்தான் முட்டும்.

இதெல்லாம் வாசலில் பலகையில் எழுதியிருக்கிறது. நாலாம் தூணைப் பற்றியும் ஒரு பலகை இருக்கிறது. அது வந்த கதை ஏணிக்காரரின் கதை.

ஏணிக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். இருபத்திரண்டு வயதில் அவர் அந்த நிலையத்தில் கலாசி வேலைக்குச் சேர்ந்தார். கலாசிக்கு ரயிலில் நூறு வேலை உண்டு. அவருக்கு வாய்த்தது கூரை வேலை. மழைக்கு முன்னால் கூரையின் நடுவில் ஓடும் தகர ஓடையைச் சுத்தம் செய்யவேண்டும். மழை முடிந்ததும் உடைந்த கண்ணாடிகளை மாற்றவேண்டும். வெயில் காலத்தில் தூண்களுக்கு வண்ணம் அடிக்கவேண்டும். அப்பா அம்மா கிடையாது. தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர். ஏணியின் முதல் படியில் கால் வைக்கும் முன் கண்ணை மூடி ஒரு நொடி நிற்பார்.

"யாரப்பா கூப்பிடுற?" என்று கீழே இருப்பவர்கள் கேலி செய்வார்கள்.

"பிடிச்சுக்கச் சொல்லிட்டு ஏறுறேன்" என்பார்.

முப்பத்தாறு வருஷத்தில் ஒரு தடவைகூட விழவில்லை. பிடித்தவர் பிடி அப்படி.

அந்தத் தூண்களில் ஒரு சூட்சுமம் உண்டு. பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே குழாய்போல் வெறுமை. இரண்டு கூரைச் சரிவிலிருந்தும் மழைத்தண்ணீர் நடு ஓடைக்கு வரும். ஓடையிலிருந்து ஒன்பது தூண்களின் தலையிலும் இருக்கும் ஓட்டை வழியாக உள்ளே இறங்கும். தூணின் காலில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வாய் இருக்கும், அதன் வழியாகத் தரைக்கடியில் போகும் கால்வாயில் சேர்ந்து, நிலத்தடித் தொட்டிக்குப் போய்விடும். கரி இன்ஜின் ஓடிய நாளில் அந்தத் தொட்டித் தண்ணீரைத்தான் இன்ஜின் குடித்தது. வானத்திலிருந்து வந்தது தூண் வழியாக இறங்கி, இன்ஜின் வயிற்றில் கொதித்து, புகைபோக்கி வழியாகத் திரும்ப வானத்துக்கே போகும். அதை யோசித்தவனை ஏணிக்காரர் மனதுக்குள் எத்தனையோ தடவை வணங்கியிருக்கிறார்.

ஒன்பதில் எட்டு ஒழுங்கு. நாலாம் தூண் மட்டும் வம்பு. அவர் வேலைக்கு வருவதற்கு முன்பே சாமான் வண்டி ஒன்று மோதி, அதன் கால் வாய் கால்வாயோடு சேரும் இடம் உடைந்துபோயிருந்தது. மழை வந்தால் மற்றத் தூண்களில் சத்தம் மட்டும் கேட்கும். நாலாம் தூண் மட்டும் வாயைத் திறந்து மேடை மேலேயே கொப்பளிக்கும். அதைச் சரிசெய்ய மேடையைத் தோண்டவேண்டும். தோண்ட மேலிடத்து உத்தரவு வேண்டும். அவர் மேஸ்திரியிடம் இரண்டு தடவை சொன்னார். "அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றார் மேஸ்திரி, இரண்டு தடவையும்.

அந்த நாலாம் தூணடியில்தான் ரிப்பன் கடை. கடை என்றால் மூடி திறக்கிற ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். ரிப்பன், சீப்பு, ஊசி, நூல், கைக்கண்ணாடி. வைத்திருந்தவர் பக்கவாதத்தில் படுத்துவிட, பத்தொன்பது வயதில் அவருடைய மகள் வந்து உட்கார்ந்தாள். நடைமேடையில் வியாபாரம் செய்கிறவர்களுக்குத் தூண் எண் போட்டுத்தான் உரிமச் சீட்டு. ஐந்தாம் தூணில் பேப்பர்காரர், மூன்றாம் தூணில் பழக்காரர், நாலாம் தூணில் இவள்.

அந்த வருஷ மழை ஆரம்பித்ததும் பெட்டி நனைந்தது. சிவப்பு ரிப்பனின் சாயம் வெள்ளை ரிப்பனில் ஏறி, வெள்ளையின் ஈரம் நீலத்தில் இறங்கி, எல்லாம் சேர்ந்து காயம்பட்ட நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் மழையிலும் அப்படியே.

"கொஞ்சம் தள்ளி உக்காரக்கூடாதா?" என்று ஏணியில் இருந்தபடியே ஒருநாள் கேட்டார் ஏணிக்காரர். அவளிடம் அவர் பேசிய முதல் பேச்சு அது.

"சீட்டுல நாலாம் தூண்ணு போட்டிருக்கு. தள்ளி உக்காந்தா சீட்டையே வாங்கிப்பாங்க. உங்க தூணைக் கொஞ்சம் தள்ளி வைங்களேன்."

"அது என் தூண் இல்லீங்க, ரயில்வே தூண்."

"அப்ப ரயில்வேகிட்ட சொல்லி ஒரு ரிப்பன் வாங்கிக்கச் சொல்லுங்க. இந்த நிறத்துக்கு வேற யாரும் வரமாட்டாங்க."

மூன்றாம் மழை பெட்டியை ஒரேயடியாக முடித்துவிட்டது. மறுநாள் மத்தியான வண்டி போன பிறகு, ஏணிக்காரர் கூரைமேல் படுத்து நாலாம் தூணின் தலையில் அடைத்திருந்த சருகைக் கைவிட்டு எடுத்துக்கொண்டிருந்தார். தூணுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"கடவுளே, மழையை நிறுத்தச் சொல்லல. ஊருக்கு மழை வேணும். இந்த ஒரு தூணை மட்டும் நிறுத்திக் குடு. மத்த எட்டும் எப்படியோ போகட்டும். வீட்டுல அப்பா மருந்துக்கு வழியில்லாமப் படுத்திருக்காரு. வேற யாருகிட்டப் போய்க் கேப்பேன்?"

ஏணிக்காரருக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஓடை விளிம்பில் எட்டிப் பார்த்தார். அவள் தரையில் குந்தி, தூணின் கால் வாயருகே முகத்தை வைத்துக்கொண்டு ஈரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் தனக்குள் பேசியது தூணின் வெறுமை வழியாக ஏறி வந்திருக்கிறது. பிறர் வேண்டுதலைக் காதில் வாங்கிவிட்டோமே என்று அவருக்குக் கூச்சமாக இருந்தது. வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கவும் வழியில்லை.

இரண்டு நாள் யோசித்தார். பழைய தண்டவாளக் கட்டை ஒன்றை எடுத்து, தச்சுப் பட்டறையில் உட்கார்ந்து, தூணின் தொண்டைக்குச் சரியாக ஒரு பெரிய அடைப்பான் செதுக்கினார். என்றைக்காவது வெளியே எடுக்கவேண்டியிருக்கும் என்று அதன் தலையில் ஓர் இரும்பு வளையமும் முடுக்கினார். பிரிக்க வழி வைக்காமல் எதையும் பூட்டுகிற பழக்கம் அவருக்கு இல்லை. ஆனால் கட்டை கொஞ்சம் லொடலொடத்தது. சாக்கு சுற்றினால் தடிமனாகிறது, உள்ளே போகவில்லை. மெல்லிசாக, இறுக்கமாகச் சுற்ற ஒரு துணி வேண்டும்.

நேரே அவளிடமே போனார். புதுச் சரக்கு இரண்டு சுருள் மட்டும் வந்திருந்தது.

"ரிப்பன் வேணும்."

"என்ன நிறம்?"

"எதுவா இருந்தாலும் சரிதாங்க."

"போட்டுக்கறவங்களுக்கு ஒரு நிறம் பிடிக்கும்ல?"

"அதுக்கு அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல."

'அதுக்கு' என்றதும் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "எவ்வளவு முழம்? சடை எவ்வளவு தடிமன் இருக்கும்?"

ஏணிக்காரர் கட்டையை மனதில் வைத்துக்கொண்டு, இரண்டு கையையும் வளைத்து ஒரு குடத்தின் கழுத்தளவுக்குக் காட்டினார்.

அவள் கண் விரிந்தது. கை தன்னையறியாமல் தன்னுடைய சடைக்குப் போயிற்று. அது பாவம், எலிவால்.

"ஆறு முழம் எடுத்துக்குங்க" என்றாள் ஒரு மாதிரியான குரலில். "அவ்வளவு கூந்தலுக்கு அதுவே பத்தாது."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், இரண்டு வண்டிகளுக்கு நடுவே, கட்டையில் சிவப்பு ரிப்பனை நாலு சுற்றுச் சுற்றி, தார் பூசி, தூணின் தலைக்குள் ஒரு முழங்கை ஆழத்துக்கு இறக்கி அடித்துவிட்டார். நாலாம் தூணுக்கு வரவேண்டிய தண்ணீர் இனி ஓடையில் நகர்ந்து ஐந்தாம் தூணில் இறங்கும். ஐந்தாவது இருவர் சுமையைச் சுமக்கும். அதற்கு வாய் சுத்தமாக இருந்தால் போதும். அதைத் தான் பார்த்துக்கொள்ளலாம் என்று தூணிடமே சொல்லிவிட்டு இறங்கினார். ரயில்வேயிடம் சொல்லவில்லை. சொன்னால் வேலை போயிருக்கும்.

நாலாம் மழை வந்தது. எட்டுத் தூணும் குமுறின. நாலாம் தூண் மட்டும் துறவிபோல் வாய்மூடி நின்றது. ஒரு சொட்டு இல்லை.

நடைமேடையே கூடிவிட்டது. பழக்காரர் தூணைத் தட்டிப் பார்த்தார். ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு குனிந்து வாயைப் பார்த்தார். "நான் வேண்டிக்கிட்டேன் சார்" என்று அவள் அழுதுகொண்டே சிரித்தாள். "இந்த ஒண்ணை மட்டும்தான் கேட்டேன். இந்த ஒண்ணை மட்டும் நிறுத்திட்டாரு." ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியை மாட்டிக்கொண்டு போனார். ஏணிக்காரர் கூட்டத்தின் கடைசியில் நின்று, ஏணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஈரமாகவே இல்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? உலகத்தில் தன்னையும் ஒருவர் கவனிக்கிறார் என்று அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. அதைத் தட்டிப்பறிக்க அவர் யார்?

ஒரு வருஷம் கழித்து, தாய்மாமனை அழைத்துக்கொண்டு போய்ப் பெண் கேட்டார். படுக்கையிலிருந்த அப்பா மகளைப் பார்த்தார். "பையன் எப்படிம்மா?"

"நல்ல மாதிரிதான்ப்பா. ஆனா ரிப்பன் வாங்கினாரு. யாருக்குன்னு மட்டும் சொல்லமாட்டேங்கறாரு."

"தொலைஞ்சுபோச்சு" என்றார் ஏணிக்காரர் தரையைப் பார்த்து.

"ரிப்பனா, ஆளா?"

மாமன் சிரித்துவிட்டார். கல்யாணம் நடந்தது. ஆனால் அந்தச் சடைக்காரி அந்த வீட்டிலிருந்து போகவே இல்லை. குழம்பில் உப்புக் குறைந்தது என்று சொன்னால், "ஏன், சடைக்காரி நல்லா உப்புப் போடுவாளோ?" என்பாள். அவர் வரத் தாமதமானால், "அவ்வளவு கூந்தலையும் பின்னி முடிக்க நேரமாகும்ல" என்பாள். பாதி விளையாட்டு, பாதி முள். ஏணிக்காரர் வாயைத் திறக்காமல் விழுங்குவார். ரிப்பனைச் சொன்னால் கட்டையைச் சொல்லவேண்டும். கட்டையைச் சொன்னால் அற்புதம் போய்விடும்.

அந்த அற்புதம் அவளுடைய சொத்து. பிள்ளை பிறந்தபோது, அப்பா இறந்தபோது, மகளுக்குக் காய்ச்சல் கண்டு பத்து நாள் கண் திறக்காமல் கிடந்தபோது, "தூணையே நிறுத்தினவர், இதைப் பாத்துக்கமாட்டாரா?" என்று சொல்லித்தான் நிமிர்ந்தாள். கடைக்கு வருகிறவர்கள், வண்டிக்குக் காத்திருக்கிறவர்கள், எல்லோருக்கும் சொல்வாள். ஏணிக்காரர் பக்கத்தில் இருந்தால் தலையாட்டுவார். ஒவ்வொரு வருஷமும் மழைக்கு முன்னால் ஐந்தாம் தூணின் வாயை மட்டும் மற்றதைவிட மூன்று மடங்கு சுத்தம் செய்வார். பணி ஓய்வு பெறும் வரை அதை அவர் வேறு யாரிடமும் விட்டதில்லை.

அவர் ஓய்வு பெற்றபோதே ரயில் பாதையை ஊருக்கு மறுபக்கம் மாற்றிவிட்டார்கள். நிலையம் பதினோரு வருஷம் பூட்டிக் கிடந்தது. புறாக்கள் டிக்கெட் இல்லாமல் குடியிருந்தன. பிறகுதான் அதை நூலகமாக்க முடிவாயிற்று. பொறுப்பாக வந்த என்ஜினியர் அம்மா நல்ல வேலைக்காரி. பழைய வரைபடங்களைத் தேடி எடுத்து, தூண்களுக்குள் மழை இறங்குவதைக் கண்டுபிடித்து, "எவ்வளவு புத்தி பாருங்க!" என்று எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி மாய்ந்தவர். உடைந்த கால்வாயைத் தோண்டி எடுத்து, புதுக் குழாய் போட்டு, ஒன்பது தூண்களின் காலையும் சேர்த்துத் தரையை மூடினார். ஒவ்வொரு தூணின் தலையிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவும் சொன்னார். ஊற்றினார்கள், ஒன்பதிலும் உள்ளே போயிற்று. ஒரு குடம் தண்ணீர் நாலாம் தூணின் தொண்டையிலேயே நின்றுவிடும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஏணிக்காரரின் மகளுக்கு அங்கேயே பிள்ளைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. ஊர்க்காரர்களின் நிலையத்து நினைவுகளை எழுதி வாங்கினார்கள். அவர் மனைவி, ஊருக்கு இப்போது ரிப்பன்காரம்மா, சொன்ன தூண் கதைதான் எல்லாவற்றிலும் சிறந்தது என்று தேர்ந்தெடுத்து, நாலாம் தூணருகே பலகையில் எழுதி வைப்பதாகச் சொன்னார்கள். ரிப்பன்காரம்மா மூன்று நாளாக வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தார், கால் தரையில் பாவவில்லை.

திறப்புக்கு நாலு நாள் இருந்தது. சாப்பிடும்போது மகள் பேச்சுவாக்கில் சொன்னாள்: "அப்பா, உங்க அஞ்சாம் தூண் வழியாத்தான் கரண்ட் ஒயர் எல்லாம் இறக்கியிருக்காங்க. நடுத் தூணாச்சே, வசதின்னு. தலையைத் தகடு வச்சு மூடிட்டாங்க. ஒம்போதுல ஒண்ணு இல்லாட்டி பரவாயில்லையாம், மேடம் கணக்குப் போட்டுட்டாங்க."

ஏணிக்காரர் பிசைந்த சோறு தட்டிலேயே நின்றது.

என்ஜினியர் அம்மாவின் கணக்கு சரிதான். ஒன்பதில் ஒன்று போனால் ஒன்றும் ஆகாது. ஆனால் போனது ஒன்றல்ல, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு. தண்ணீர் ஓடையில் தேங்கி, விளிம்பு தாண்டி, நேரே கீழே கொட்டும். கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். மகளின் அலமாரிகள். நாலாயிரம் பிள்ளைப் புத்தகங்கள். ஒயரும் அங்கேதான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்லம்மா. மேற்கால கறுத்துட்டு வருது."

மறுநாள் காலை நெடுநேரம் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். என்ஜினியர் அம்மாவிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னால் என்ன என்று மனம் வழி சொன்னது. ஆனால் பட்டப்பகலில், ஊரே வேலை செய்கிற இடத்தில், மகள் கண்ணெதிரே, கூரையேறிக் கட்டையை எடுத்துவிட்டு எதை மறைப்பது? ஊர் வாயிலிருந்து அவள் காதுக்குப் போவதைவிடத் தன் வாயிலிருந்து போவது மேல். எழுந்து உள்ளே போனார். ரிப்பன்காரம்மா திறப்பு நாளுக்கென்று எடுத்த புதுத் துணியை மடித்துக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கொஞ்சம் உக்காரு."

"உக்காந்துதான் இருக்கேன். சொல்லுங்க."

சொன்னார். கட்டை, தார், ஐந்தாம் தூண், எல்லாம். அவர் முடிக்கும் வரை ரிப்பன்காரம்மா துணியை மடித்துக்கொண்டே இருந்தார். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தார்.

"அப்ப அவர் நிறுத்தலையா?"

"நான்தான் நிறுத்தினேன்."

"நாப்பது வருஷம். எத்தனை பேருகிட்டச் சொல்லியிருப்பேன்! பக்கத்துல நின்னு தலையாட்டினீங்களே. ஒரு தடவை இருமியாவது இருக்கலாம்ல?"

"உன் முகத்தைப் பாத்துட்டு வாய் வரல."

ரிப்பன்காரம்மா எழுந்து பின்பக்கம் போய்விட்டார். துவைக்கிற கல்லின்மேல் போய் உட்கார்ந்த சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம் வந்திருந்தால்கூட ஏணிக்காரருக்குத் தேவலாம்போல் இருந்தது. வெளியே மேகம் கூடி வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது.

கடைசியில் ரிப்பன்காரம்மா வாசல்படியில் வந்து நின்றார். கண் சிவந்திருந்தது.

"நான் வேண்டிக்கிட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்? நான் யாருகிட்டயும் சொல்லவே இல்லையே அப்போ."

"கூரைமேல சருகு எடுக்கப் படுத்திருந்தேன். நீ கீழ பேசினது தூணுக்குள்ள ஏறி வந்துச்சு. ஒரு வார்த்தை விடாமக் கேட்டுச்சு. 'வேற யாருகிட்டப் போய்க் கேப்பேன்'னு சொன்னே."

ரிப்பன்காரம்மா அவரையே பார்த்தார். அந்தப் பத்தொன்பது வயதின் வார்த்தையை வேறொருவர் வாயில் கேட்பது அவருக்கு எப்படி இருந்ததோ.

"மேஸ்திரி காதுலேயும் விழுந்திருக்கலாம்" என்றார் மெல்ல. "பேப்பர்காரர் காதுல விழுந்திருக்கலாம். விழுந்திருந்தா சிரிச்சிருப்பாங்க. அன்னிக்கு அந்த நேரத்துல உங்களைக் கொண்டுபோய் அங்க படுக்க வச்சது யாரு?"

ஏணிக்காரர் ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார்.

"எனக்கு அது போதும்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்தார். "ஆனா உங்க மேல கோவம் போகல. அது வேற. செருப்பைப் போடுங்க. மழை வந்துரும்."

நூலகத்தில் என்ஜினியர் அம்மா அலமாரிகளுக்கு எண் ஒட்டவைத்துக்கொண்டிருந்தார். ஏணிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பலகையை உடைத்த பிள்ளைபோல் நின்று சொன்னார். என்ஜினியர் அம்மா முதலில் நம்பவில்லை.

"ஐயா, ஒன்பதிலயும் தண்ணி ஊத்திப் பாத்தாச்சு."

"ஒரு குடம் ஊத்தியிருப்பீங்கம்மா. நாலு குடம் ஊத்தச் சொல்லுங்க."

ஊற்றினார்கள். இரண்டாவது குடத்திலேயே நாலாம் தூண் வாய் நிறைந்து ஓடையில் வழிந்தது. என்ஜினியர் அம்மா முகம் வெளிறிவிட்டது. புத்தகங்களைப் பார்த்தார். ஒயரைப் பார்த்தார். வெளியே வானத்தைப் பார்த்தார்.

ரிப்பன்காரம்மா சும்மா இருக்கவில்லை. "ஏம்மா, நாலாம் தூண்ல தண்ணி வராதுன்னு நான் உங்களுக்குச் சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்கம்மா."

"எழுதிக்கூட வச்சுக்கிட்டீங்க."

"ஆமாம்மா. கதைன்னு நெனச்சுப் பலகை எழுதச் சொன்னேன். ஏணி போட்டுப் பாக்கச் சொல்லல." என்ஜினியர் அம்மா கைகூப்பிவிட்டார். "தப்பு என்னோடதுதான்."

வேலையாள் ஒருவர் மேலே ஏறித் துழாவிப் பார்த்தார். கைக்கு அகப்படவில்லை. ஏணிக்காரர் தோள் துண்டை இடுப்பில் கட்டினார்.

"அப்பா, வேணாம்ப்பா! வயசென்ன ஆச்சு!" என்று மகள் ஓடிவந்தாள்.

"ஏறட்டும் விடு" என்றார் ரிப்பன்காரம்மா. "அவர் வச்சதை அவர்தான் எடுக்கணும்." சொல்லிவிட்டு ஏணியின் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஏணிக்காரர் முதல் படியில் கால் வைத்துக் கண்ணை மூடினார். திறந்து கீழே பார்த்தார்.

"இன்னிக்கு நான் பிடிச்சுக்கறேன், ஏறுங்க" என்றார் மனைவி.

வளையம் துருவேறி, ஆனால் உறுதியாக இருந்தது. கம்பிக் கொக்கியை மாட்டி, அவரும் இரண்டு வேலையாட்களும் இழுத்தார்கள். தூண் முனகியது. இன்னொரு இழுப்பில், உறிஞ்சும் சத்தத்தோடு கட்டை வெளியே வந்தது. தேங்கிநின்ற தண்ணீர் கடகடவென்று தூணுக்குள் இறங்குகிற ஓசை, நாற்பது வருஷம் கழித்து, மேடை முழுவதும் கேட்டது.

இறங்கிவந்து கட்டையைத் தரையில் வைத்தார். வெளியே எல்லாம் கறுப்புத் தார். நகத்தால் ஓரத்தைக் கீறி, தாரை உரித்தார். உள்ளே ஒரு விரல் அகலத்துக்குச் சிவப்பு, புதிதாக வாங்கியதுபோல்.

"இந்தா" என்றார். "இவதான் சடைக்காரி."

ரிப்பன்காரம்மா குனிந்து பார்த்தார். கட்டையின் தடிமனைப் பார்த்தார். அன்றைக்கு அவர் கைகளை வளைத்துக் காட்டியது நினைவுக்கு வந்திருக்கவேண்டும். தன் இரண்டு கையையும் வளைத்துக் கட்டைமேல் வைத்துப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். நிறுத்த முடியாமல், தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"கட்டைக்கா நான் இத்தனை வருஷம் வயிறெரிஞ்சேன்!"

"நான் என்ன செய்ய, நீ கூந்தலைத்தானே கேட்டே!"

"என்னம்மா, என்னப்பா?" என்று மகள் ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

மழை அன்று மாலையே வந்தது. எல்லோரும் வேலையை விட்டுவிட்டு அலமாரிகளுக்கு நடுவே நின்றார்கள். கூரை அதிர்ந்தது. ஐந்தாம் தூணைத் தவிர எட்டுத் தூணிலும் தண்ணீர் இறங்கியது. புத்தகங்கள்மேல் ஒரு சொட்டு விழவில்லை. ரிப்பன்காரம்மா நாலாம் தூணில் காதை வைத்துக்கொண்டு நின்றார். கோபம் அன்றைக்குப் போயிற்றா, மறுநாள் போயிற்றா என்று ஏணிக்காரருக்குத் தெரியாது. வீட்டுக்குப் போகும்போது ரிப்பன்காரம்மா குடையை மட்டும் அவர் பக்கமாகச் சாய்த்துப் பிடித்தார்.

பலகையை என்ஜினியர் அம்மா திருத்தி எழுதச் சொன்னார். என்ன எழுதவேண்டும் என்பதை ரிப்பன்காரம்மாவே சொன்னார், ஒரு வார்த்தை மாற்றவிடவில்லை. அடியில் ஒரு கண்ணாடிப் பெட்டியில் அந்தக் கட்டை இருக்கிறது. இப்போதும் மாலை நேரங்களில் இருவரும் அங்கே வந்து உட்காருகிறார்கள். பிள்ளைகள் சூழ்ந்துகொண்டு கதை கேட்கிறார்கள்.

"நான் கீழ இருந்து கேட்டேன். கடவுள் ஒரு ஆளை மேல ஏத்தி வச்சிருந்தாரு. அந்த ஆளு என்கிட்டயே வந்து பத்து முழம் ரிப்பன் வாங்கினாரு..."

ஏணிக்காரர் இருமுகிறார்.

"சரி, சரி, ஆறு முழம்" என்கிறார் ரிப்பன்காரம்மா. "இப்ப மட்டும் நல்லா இருமல் வருது."